தொடுவதற்கு முன் 600 மணி நேரம்

சிகாகோவின் மேற்குப் புறநகர் ஒன்றில் இருக்கிறது அந்தக் கம்யூனிட்டி காலேஜ். சுகாதாரப் படிப்புகளுக்கான கட்டடத்துக்குள் நுழைந்து இடது பக்கம் திரும்பினால், பல் சுத்தம் செய்யப் படிப்பவர்களின் கிளினிக். வலது பக்கம் மசாஜ் வகுப்பு. வகுப்புக் கதவுக்கு முன்னாலேயே ஒரு சிறிய அறையில் இரண்டு பெரிய வாஷிங் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பயிற்சி முடிந்த ஒவ்வொரு மேசையிலிருந்தும் இரண்டு விரிப்பு, ஒரு துண்டு, முகம் புதைக்கும் தாங்கியின் உறை ஆகியவை இங்கே வந்து விழும். துவைப்பதும் மடிப்பதும் மாணவர்கள் பொறுப்பு. அதற்கும் மதிப்பெண் உண்டாம்.

தங்கை வீட்டுக்கு வந்த இடத்தில், அவள் தெருவில் குடியிருக்கும் ஈரோட்டுப் பெண் ஒருத்தி இங்கே படிக்கிறாள் என்று தெரிந்துதான் கிளம்பி வந்தேன். அனுமதி வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். நிபந்தனைகளை ஆசிரியை வாசலிலேயே சொல்லிவிட்டார். போனை அணைத்துப் பைக்குள் வைக்க வேண்டும். படம் கூடாது. யார் பெயரையும் எழுதக் கூடாது. வெளியே போங்கள் என்று அவர் சொன்னால் காரணம் கேட்காமல் போக வேண்டும். நான்கிற்கும் சரி என்றேன்.

கம்யூனிட்டி காலேஜ் என்பதை நம்மூர்க் கலைக் கல்லூரியோடும் ஐடிஐயோடும் பொருத்திப் பார்த்தால் பாதிதான் பிடிபடும். இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகிறவர்களும், வெல்டிங், நர்ஸிங், சமையல் என்று கைத்தொழில் கற்றுக்கொண்டு நேரே வேலைக்குப் போகிறவர்களும் ஒரே வளாகத்தில் இருப்பார்கள். நுழைவுத் தேர்வுப் போட்டி கிடையாது, வயது வரம்பும் கிடையாது. அமெரிக்காவில் இப்போதும் நடந்துகொண்டிருக்கும் இத்தகைய அரசுக் கல்லூரிகளில் பழையது 1901இல் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் காலேஜ். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது. இல்லினாய் மாநிலத்தை 39 கல்லூரி மாவட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தந்த மாவட்டத்தில் வீடு வைத்திருப்பவர்களின் சொத்து வரியில் ஒரு பங்கு கல்லூரிக்குப் போகிறது. என் தங்கையின் கணவர் வருடத்துக்கு இரண்டு தவணை வரி கட்டும்போதும் புலம்புவார். ரசீதில் கல்லூரிக்கென்று தனி வரியே இருக்கிறது. “இதுல என்னதான் சொல்லிக் கொடுக்கறாங்கன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க” என்று அனுப்பிவைத்தார்.

வகுப்பறை பெரியது, வெளிச்சமானது. மெழுகுவர்த்தி, மூங்கில் குழாய் இசை, புத்தர் சிலை என்று நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை. வெள்ளைப் பலகை, எலும்புக்கூடு ஒன்று, சுவர் முழுக்கத் தசைப் படங்கள், மின்சாரத்தில் ஏறி இறங்கும் மேசைகள். எலும்புக்கூட்டின் கழுத்தின் முன்புறம், அக்குள், முழங்கை உள்மடிப்பு, இடுப்பும் தொடையும் சேரும் இடம், முழங்காலின் பின்குழி என்று பல இடங்களில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பெரிய ரத்தக்குழாயோ நரம்போ தோலுக்குச் சற்றுக் கீழேயே, தசைப் பாதுகாப்பில்லாமல் போகும் இடங்கள் அவை. அங்கே ஆழமாக அழுத்தக் கூடாது. முதல் வாரத்தில் கற்றுக் கொடுப்பது இதைத்தான், கையை எப்படி வைப்பது என்பது அதற்குப் பிறகுதான் என்றார் ஆசிரியை. அன்று முழுவதும் நான் பார்த்தவற்றில் பாதி இந்த ரகம்.

மாணவர்கள் பெரும்பாலும் பெண்கள். கிடங்கில் பெட்டி தூக்கி முதுகு போனதால் வேறு வேலை தேடுகிற நாற்பது வயதுக்காரர் ஒருவர், ராணுவத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர், முடி திருத்தும் கடை வைத்திருக்கும் ஒரு பாட்டி, பள்ளி முடித்த கையோடு வந்த இரண்டு பெண்கள், பிறகு நம் ஈரோட்டுப் பெண். எல்லாரும் ஆசிரியையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இவள் மட்டும் “மேம்.” எவ்வளவோ முயன்றும் நாக்கு புரளவில்லையாம்.

அன்றைய பாடம் தோள்பட்டை. அரைக்கால் சட்டையோடு ராணுவ இளைஞர் குப்புறப் படுத்திருக்க, கழுவினால் போகும் மார்க்கர் பேனாவால் அவர் முதுகில் படம் வரைகிறார்கள். தோள்பட்டை எலும்பின் குறுக்கே ஓடும் மேட்டை விரலால் தடவிக் கண்டுபிடித்து ஒரு கோடு. அதற்குக் கீழே ஒரு முக்கோணம். “இன்ஃப்ராஸ்பைனேடஸ்” என்றாள் வரைந்த பெண். “நீ சொன்னால் போதாது, தசை சொல்ல வேண்டும்” என்றார் ஆசிரியை. இளைஞரின் முழங்கையை மடக்கி, கையை வெளிப்பக்கமாகத் திருப்பச் சொல்லி, தானே எதிர்ப்பக்கம் தடுத்துப் பிடித்தார். மார்க்கர் கோட்டுக்குள் தசை புடைத்து எழுந்தது. ஒரு விரலளவு கோட்டுக்கு வெளியேயும் எழுந்தது. அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள்.

அடுத்தது லெவேட்டர் ஸ்கேபுலே. கழுத்தெலும்புகளில் மேலே உள்ள நான்கிலிருந்து புறப்பட்டுத் தோள்பட்டை எலும்பின் உள்மேல் மூலையில் வந்து சேரும் தசை. பெயர் தெரியாவிட்டாலும் நம் எல்லாருக்கும் பழக்கமான தசைதான். கம்ப்யூட்டர் முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்தவர்கள் கை தானாகப் போய்த் தேய்க்குமே, அந்த இடம். ஆசிரியை என்னைப் பார்த்து, “இப்போது நீங்களே தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள்” என்றார். ஆமாம், தேய்த்துக்கொண்டிருந்தேன்.

படுத்திருப்பவரின் மேல் விரிப்பைக் கையாளுவதற்கு ஒரு முழுப் பயிற்சி இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இதில் கற்க என்ன இருக்கிறது என்று தோன்றும். உடம்பு முழுவதும் மூடியிருக்கும். எந்தக் காலில் வேலையோ அந்தக் கால் மட்டும் வெளியே வரும். விரிப்பின் ஓரத்தைத் தொடையின் மேல்வரை மடித்து, உள்பக்கமாகச் சுற்றித் தொடைக்கு அடியில் செருகுகிறார்கள். செருகும் கையின் பின்புறம்தான் உடம்பில் படலாம், விரல் நுனி படக் கூடாது. காலைத் தூக்கினாலும் மடக்கினாலும் விரிப்பு நழுவக் கூடாது. குப்புறப் படுத்தவரை மல்லாக்கத் திருப்புவதுதான் கடினம். தன் தொடையால் விரிப்பின் இந்த ஓரத்தை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு ஓரத்தைக் கூடாரம்போலத் தூக்கி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். உள்ளே இருப்பவர் புரண்டுகொள்வார். கிடங்குக்காரருக்கு இது வரவே இல்லை. விரிப்பு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். டி-ஷர்ட்டும் கால்சட்டையும் போட்டுப் படுத்திருந்த முடிதிருத்தும் பாட்டி, “நல்லவேளை நான் உடுத்தியிருக்கிறேன்” என்று சொல்ல, வகுப்பே சிரித்தது. ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. “மதியம் ஒரு வெளியாள் படுத்திருப்பார். மறுபடி செய்யுங்கள்.” அவர் மறுபடி செய்தார். பிறகும் செய்தார்.

கை வேலையை நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடிப்படை ஸ்வீடிஷ் மசாஜ். நீளமாக வழித்துவிடும் எஃப்ளூராஜ், பிசையும் பெட்ரிசாஜ், ஓரிடத்தில் அழுத்தித் தேய்க்கும் ஃப்ரிக்‌ஷன், தட்டும் டபோட்மோன், அதிரவைக்கும் வைப்ரேஷன். ஸ்டாக்ஹோமில் 1813இல் உடற்பயிற்சி நிறுவனம் தொடங்கிய வாள்வீச்சு ஆசிரியர் பேர் ஹென்ரிக் லிங்தான் இதற்கு மூலவர் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஆனால் இந்தப் பிரெஞ்சுப் பெயர்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் டச்சு மருத்துவர் யோஹான் ஜார்ஜ் மெஸ்கர் என்பதே இப்போது பரவலாகச் சொல்லப்படுவது. நமது சித்த மருத்துவத்தின் தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை உண்டு. இடைவேளையில் நான் இதைச் சொன்னதும், ஆசிரியை பேனாவை எடுத்து ஒன்பதையும் எழுதிக்கொண்டார். மல்லாத்துதல் எப்படிச் செய்வது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அளவுக்குக் கையால் காட்டினேன். அந்த அளவு மிகக் குறைவு.

கையைவிட அதிகமாக அவர்கள் கவனிப்பது தங்கள் சொந்த உடம்பை. மேசைப் பக்கத்தில் நின்று கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கினால், விரல்முட்டி மேசையில் பட வேண்டும். அதுதான் சரியான உயரம். ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை அது மாறும். தோளால் தள்ளக் கூடாது. ஒரு காலை முன்னால் வைத்து, பின்காலிலிருந்து உடம்பின் எடையைச் சாய்க்க வேண்டும். கட்டைவிரலைத் தனியாக அழுத்தவிட்டால் சில வருடங்களில் மூட்டு போய்விடும். அதனால் முன்கை, முழங்கை, மடக்கிய முட்டி என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் மேசையில் வேலை செய்கிறவர்கள் அரிது, உடம்பு தாங்காது. “இந்தத் தொழிலில் முதலில் தேய்வது தொழில் செய்பவர்” என்றார் ஆசிரியை. அவருடைய இரண்டு மணிக்கட்டிலும் அறுவை சிகிச்சைத் தழும்பு இருந்தது.

மதியத்துக்கு முன்னால் நோயியல் வகுப்பு. பெயர் பயமுறுத்தினாலும் வகுப்பு விறுவிறுப்பாகப் போனது. ஆசிரியை ஒரு ஆளை வர்ணிப்பார். மாணவர்கள் செய்யலாம், செய்யக் கூடாது, அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் செய்யலாம் என்ற மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். காய்ச்சல் 101 டிகிரி? கூடாது. முழங்கையில் சொரியாசிஸ்? தோல் வெடிக்காமல் இருந்தால் செய்யலாம், அது தொற்றாது. கையில் படர்தாமரை? அந்த இடத்தைத் தொடாதே. ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலி, வீக்கம், தொட்டால் சூடு? வகுப்பே ஒரே குரலில், “கூடாது, உடனே டாக்டர்.” காலின் ஆழ்சிரையில் ரத்தம் கட்டியிருக்கலாம். அழுத்தினால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரல் வரை போக வாய்ப்பிருக்கிறது. பெருமூச்சோடு கால் பிடித்துவிடச் சொல்லும் எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம்? பிடித்துவிடுகிறவர் ஒருவராவது கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

மசாஜ் செய்தால் உடம்பிலுள்ள நச்செல்லாம் வெளியேறும் என்று ஒரு பெண் சொல்ல, ஆசிரியை அங்கேயே நிறுத்தினார். எந்த நச்சு, எந்த வழியாக வெளியேறுகிறது, அளந்தது யார்? உடற்பயிற்சியில் சேரும் லாக்டிக் அமிலம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தானே போய்விடும். நம் கைக்கு அதில் வேலை இல்லை என்றார். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயன்று பார்க்கக் கூடியவற்றில் மசாஜையும் சேர்த்திருக்கிறது. ஆனால் 2015இன் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, இடுப்பு வலியில் மசாஜுக்கான சான்றுகள் மிகவும் பலவீனமானவை என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பலகையில் எழுதிப் போட்டார். தன் தொழிலைப் பற்றிய சாதகமில்லாத ஆய்வைத் தானே எழுதிப்போடுகிற ஆசிரியரை நான் வேறு துறைகளில்கூட அதிகம் கண்டதில்லை.

இல்லினாயில் உரிமம் வாங்க 600 மணி நேரப் படிப்பு வேண்டும். டெக்சாஸில் 500, நியூயார்க்கில் 1,000. மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு வேறு. கலிஃபோர்னியாவில் மாநில உரிமமே கிடையாது, விரும்பினால் பெற்றுக்கொள்ளும் சான்றிதழ்தான். பெரும்பாலான மாநிலங்கள் ஏற்கும் பொதுத் தேர்வு எம்பிளெக்ஸ். 100 கேள்விகள், 2 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அடுத்து வரும் கேள்வி, முந்தையதற்கு நாம் சொன்ன பதிலைப் பொறுத்துக் கடினமாகும் அல்லது எளிதாகும். தேர்வுப் பாடத்திட்டத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நோய்களும் செய்யக் கூடாத நிலைகளும் 14 விழுக்காடு. வந்தவரை மதிப்பிடுவது 17. நெறி, எல்லைகள், சட்டம் 16. கூட்டினால் கிட்டத்தட்ட பாதி. இதன் மேல் கைரேகை எடுத்துக் குற்றப் பின்னணிச் சோதனை. உரிமம் வந்த பிறகும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க, 24 மணி நேரம் மேற்கொண்டு படித்திருக்க வேண்டும்.

நெறி என்றால் பிரசங்கமாக இருக்கும் என்று நினைத்து நோட்டை மூடப் போனேன். நாடகம் போட்டார்கள். ஆசிரியை வாடிக்கையாளராகப் படுத்துக்கொண்டார். மாணவி வேலை செய்துகொண்டிருக்கிறாள். நடுவில் ஆசிரியை தணிந்த குரலில், வேறு ‘சேவை’ உண்டா என்று கேட்கிறார். மாணவி சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: இந்த அமர்வு முடிந்துவிட்டது, நான் வெளியே போகிறேன். விளக்கம் கிடையாது, மன்னிப்பு கிடையாது, வாக்குவாதம் கிடையாது. விளக்கு சுவிட்சைப் போட்டு, கதவைத் திறந்து வெளியேற வேண்டும். பள்ளி முடித்து வந்த பெண் முதல் தடவை “ஸாரி” என்று ஆரம்பித்தாள். “எதற்கு ஸாரி?” என்று படுத்திருந்தபடியே கேட்டார் ஆசிரியை. ஈரோட்டுப் பெண்ணின் முறை வந்தபோது குரல் கம்மிப்போய், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே நின்றாள். பிறகு சத்தமாகவே சொன்னாள். அறையின் கடைசிவரை கேட்டது.

அமெரிக்காவிலும் இந்தத் தொழிலின் பேர் கெட்டுத்தான் கிடந்தது. ‘மசாஜ் பார்லர்’ என்றால் இங்கேயும் ஒரு மாதிரிச் சிரிப்பார்கள். 1943இல் சிகாகோவில் ஒன்றுகூடிச் சங்கம் ஆரம்பித்தவர்கள்தான் இன்றைய அமெரிக்க மசாஜ் தெரபி சங்கத்தின் முன்னோடிகள். படிப்பு, தேர்வு, உரிமம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. நம்மூரில் மசாஜ் சென்டர் என்ற சொல் செய்தித்தாளில் வருவது போலீஸ் சோதனை நடந்த அன்றுதான். அதற்கு முன்னால், பிறர் உடம்பைத் தொட்டுச் செய்யும் வேலையைச் சில சாதிகளின் தலையில் கட்டி, முடி திருத்தியவரையும் பிரசவம் பார்த்தவரையும் அந்த வேலையைக் காரணம் காட்டியே தள்ளிவைத்தோம். அவர்களுக்குத் தெரிந்திருந்ததை யாரும் பாடமாக உட்கார்ந்து கேட்டதில்லை. தொக்கணத்தைக் கல்லூரியில் படிக்க வேண்டுமானால் பெரும்பாலும் ஐந்தரை வருடச் சித்த மருத்துவப் பட்டத்தில்தான் வழி. கம்யூனிட்டி காலேஜ் என்ற யோசனையே நமக்கு வராமல் இல்லை. 1995இல் புதுச்சேரியிலும் அடுத்த வருடம் சென்னையிலும் தொடங்கினார்கள். அங்கிருந்து படித்து வந்தவர்களுக்கு வேலை கிடைத்ததும் உண்மை. இந்த வாசல்தான் திறக்கவில்லை.

மதியம் பொதுமக்களுக்கான கிளினிக். வெளியே கொடுக்கும் கட்டணத்தில் பாதிகூட இல்லை. டிப்ஸ் வாங்குவதில்லை என்று கதவில் எழுதியிருந்தது. பார்வையாளராக அங்கே நிற்க அனுமதி இல்லை, வாடிக்கையாளராக வேண்டுமானால் வரலாம் என்றார்கள். பணம் கட்டினேன். கால்தான் எனக்கு வேண்டும். சென்னையிலிருந்து வந்த விமானப் பயணத்தில் இரண்டு கணுக்காலும் உப்பி, செருப்பு வார் பதிந்து கிடந்தது.

முதலில் நான்கு பக்கப் படிவம். என்னென்ன மாத்திரை, எப்போதெல்லாம் அறுவை சிகிச்சை, எங்கே வலி என்று உடம்பின் படத்தில் குறிக்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் என்று எழுதினேன். எனக்கு வாய்த்தவர் கிடங்குக்காரர். பெண்ணே வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டார்கள். யாரானாலும் சரி என்றிருந்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து படிவத்தை வரி வரியாகப் படித்தார். வீக்கம் ஒரு காலிலா, இரண்டிலுமா? எப்போதிலிருந்து? கெண்டைக்காலில் வலி உண்டா? நடக்கும்போது மூச்சு வாங்குகிறதா? பாதத்தில் மரத்துப் போன உணர்வு, எரிச்சல்? இரவில் எரிச்சல் உண்டு என்றேன். “ஒரு நிமிடம்” என்று எழுந்து போய் மேற்பார்வை ஆசிரியரை அழைத்து வந்தார்.

அவரும் அதையே கேட்டார். இரண்டு கணுக்காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: “இன்று காலில் எதுவும் செய்யப் போவதில்லை.” சர்க்கரை நோயால் பாதத்தின் உணர்வு குறைந்திருந்தால், அழுத்தம் அதிகம் என்று சொல்ல வேண்டிய நரம்பே சொல்லாது, நான் போதும் என்று சொல்வதை நம்பி அவர்கள் வேலை செய்ய முடியாது. வீக்கத்துக்கு விமானம் காரணமாக இருக்கலாம், மாத்திரையும் காரணமாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். “எது என்று சொல்வது எங்கள் வேலை இல்லை. டாக்டரிடம் காட்டுங்கள்.” மருந்துக் கடைக்காரரே நோயைச் சொல்லி, மாத்திரையையும் எண்ணிக் கொடுக்கும் ஊரிலிருந்து வந்த எனக்கு எரிச்சல்தான் வந்தது. பணத்தைத் திருப்பித் தரட்டுமா, முதுகும் கழுத்தும் மட்டும் செய்யட்டுமா என்று கேட்டார். முதுகு என்றேன்.

காலையில் விரிப்போடு மல்லுக்கட்டியவரா இவர் என்று இருந்தது. முழங்காலுக்குக் கீழே உருளைத் தலையணை, தோள்வரை விரிப்பு, அதன் மேல் போர்வை. லோஷனை முதலில் தன் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். 10க்கு எத்தனை அழுத்தம் வேண்டும் என்றார். 5 என்றேன். கழுத்தும் தோளும் சேரும் அந்த மூலையில் விரலை வைத்துவிட்டு அசையாமல் நின்றார். தேய்க்கவில்லை, பிசையவில்லை. நான் மூச்சை விடும்போது கொஞ்சம் உள்ளே போனார். மூச்சை இழுக்கும்போது அங்கேயே இருந்தார். வலி கழுத்தின் ஓரமாக ஏறி, காதுக்குப் பின்னால் போய்த் தங்கி, பிறகு தளர்ந்தது. நாவல் எழுதுகிறவர்கள் இதை ஒரு பக்கத்துக்கு எழுதுவார்கள். எனக்கு அந்த நேரத்தில் தோன்றியதெல்லாம் லெவேட்டர் ஸ்கேபுலே என்ற பெயர் மட்டுமே. திரும்பிப் படுக்கச் சொன்னபோது விரிப்பு ஒரு அங்குலம்கூட நகரவில்லை. முடிந்ததும், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், ஓரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்குங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

ஒவ்வொரு அமர்வுக்கும் அவர்கள் எழுதிவைக்கும் குறிப்பில், வந்தவர் சொன்னது, தாம் பார்த்தது, செய்தது, அடுத்து செய்ய வேண்டியது என்று நான்கு பகுதி. என்னுடையதைக் காட்டச் சொல்லி வாங்கிப் படித்தேன். முதுகைப் பற்றி மூன்று வரி. செய்யாத காலைப் பற்றி ஆறு வரி.

மாலையில் துணி மடிக்கும் மேசையில் ஈரோட்டுப் பெண்ணோடு நின்றேன். கோவையில் பி.இ. முடித்து மென்பொருள் வேலையில் இருந்தவள். கணவனோடு எச்-4 விசாவில் வந்தாள். அந்த விசாவில் படிக்கத் தடையில்லை, வேலை பார்க்கத்தான் முடியாது. கணவனின் பச்சை அட்டை மனு ஒரு கட்டத்தைத் தாண்டினால், 2015இல் வந்த விதிப்படி வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் காத்திருக்கும் வேளையில்தான் இந்தப் படிப்பு. மாவட்டத்துக்குள் குடியிருப்பதால் ஒரு கிரெடிட்டுக்கு 150 டாலரை ஒட்டித்தான் கட்டணம். தனியார் பள்ளிகளில் இதே படிப்பு 10,000 டாலரைத் தாண்டிவிடும்.

“திரும்ப ஐடிக்கே போயிருக்கலாமேன்னு எல்லாருமே கேக்கறாங்கக்கா. ஆறு வருசம் ஸ்க்ரீனப் பாத்தாச்சுங்க. இங்க வந்து ஒருத்தர் முதுகுல கைய வெச்சா, செஞ்சது செஞ்ச மாதிரி அப்பவே தெரியுது.”

“வீட்டுல என்ன சொல்றாங்க?”

“அம்மாகிட்ட பிசியோதெரபி மாதிரின்னு சொல்லியிருக்கேன். மாமியாருக்கு அதும் தெரியாது, ஹெல்த் கோர்ஸ். எங்க அப்பத்தா இருந்தா மட்டும் நேராச் சொல்லியிருப்பேன்ங்க. ஊர்ல பொறக்கற குழந்தைக்கெல்லாம் அவங்கதான் காலை நீட்டி உக்காந்து, மேல போட்டு எண்ணெய் தேச்சு ஊத்திவிடுவாங்க.”

வருமானம் பற்றிக் கேட்டேன். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 கணக்கில், மசாஜ் தெரபிஸ்ட்களின் நடு அளவு ஆண்டு ஊதியம் 55,000 டாலரைச் சற்றுத் தாண்டுகிறது. சங்கிலிக் கடைகளில் சேர்ந்தால் மணிக் கணக்கும் டிப்ஸும். முதுகெலும்புச் சிகிச்சை தரும் கைரோபிராக்டர் அலுவலகத்தில் இடம் கிடைத்தால் நேரம் ஒழுங்காக இருக்கும். சொந்தமாக வைத்தால் வாடகை, காப்பீடு, மேசை, விரிப்பு எல்லாம் தன் கையிலிருந்து. அவளுக்குச் சொந்தமாகத்தான் ஆசை. பிரசவித்த பெண்களுக்கு மட்டும் செய்ய வேண்டும் என்கிறாள்.

பயிற்சிக்காக வெளியாட்களுக்கும் செய்து, பதிவேட்டில் எழுதிக்கொண்டுவர வேண்டும். காசு வாங்கக் கூடாது. ஆள் கிடைக்கக் கஷ்டமா என்று கேட்டதற்குச் சிரித்தாள்.

“லெமான்ட் கோயிலுக்குப் போனாப் போதுங்கக்கா, தானா வருவாங்க. போன மாசம் ஒரு ஆன்ட்டி, முட்டி வலிக்குது கொஞ்சம் அமுக்கி விடும்மான்னாங்க. பையில ஃபாரம் வெச்சிருந்தேன், குடுத்தேன். கால் அமுக்கறதுக்கு ஃபாரமான்னு கத்திட்டு, எங்க ஊட்டுக்காரர் முகத்துக்காக எழுதிக் குடுத்தாங்க. பாத்தா வார்ஃபரின். ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை, அஞ்சு வருசமா சாப்பிடறாங்க. நான் அமுக்கினா உள்ளுக்குள்ளயே கன்றிப் போயிரும். டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க ஆன்ட்டின்னேன்.”

“வாங்கிட்டு வந்தாங்களா?”

“எங்கீங்க. அதுலருந்து எங்கூடப் பேசறதே இல்ல” என்று சொல்லி, மெஷினிலிருந்து அடுத்த கட்டை எடுத்து மேசையில் போட்டாள்.